மழை பெய்தால் எங்கே செல்வது? – சுக்கோத் பண்டிகைக் குடிலும் தற்காலக் கலையும்

ஆய்வுச்சுருக்கம்

யூதர்களின் சுக்கோத் பண்டிகையில் ஏழு நாள்கள் தங்குவதற்காக எழுப்பப்படும் குடில் ‘சுக்கா’ எனப்படும். அண்மைக் காலத்தில் இக்குடில் கட்டடக் கலைஞர்களையும் காண்கலைஞர்களையும் பெரிதும் ஈர்த்துள்ளது. 2010ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் யூனியன் சதுக்கத்தில் நடைபெற்ற ‘சுக்கா சிட்டி’ காட்சியில் இடம்பெற்ற மூன்று ஆக்கங்களை முதன்மைத் தரவாகக் கொண்டு, தற்காலக் கலை இக்குடிலிலிருந்து எதைப் பெற்றுக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மழை பெய்தால் குடிலை விட்டு வீட்டிற்குச் செல்லலாம் என்னும் மிஷ்னா விதி, விரும்பி ஏற்ற தற்காலிகத்தையும் திணிக்கப்பட்ட தற்காலிகத்தையும் பிரித்துக்காட்டும் எல்லைக்கோடாகும். அக்கோட்டை மறைக்காமல் காட்டும் ஆக்கங்களே பண்டிகையின் பொருளுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சுக்கோத், சுக்கா, தற்காலிகக் கட்டடம், நிறுவல் கலை, வீடின்மை, சுக்கா சிட்டி

1. முன்னுரை

கட்டடக் கலை நிலைபேற்றை விரும்பும் கலை. எழுப்பியவன் மறைந்த பின்னரும் எழுப்பியது நிற்க வேண்டும் என்பது அதன் இயல்பான விழைவு. யூதச் சமய மரபில் இவ்விழைவுக்கு நேர்மாறான கட்டளை ஒன்று உண்டு. ஆண்டுக்கொரு முறை நிலைத்த வீட்டிலிருந்து வெளியே வந்து, எளிதில் கலையும் குடில் ஒன்றை எழுப்பி, அதில் உண்டு உறங்கி, பண்டிகை முடிந்ததும் அதனைப் பிரித்துவிட வேண்டும் என்பது அக்கட்டளை. எகிப்திலிருந்து வெளியேறிய இசுரவேலர் குடில்களில் தங்கவைக்கப்பட்டதைப் பின்வரும் தலைமுறைகள் அறிய வேண்டும் என்று லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் இதற்குக் காரணம் கூறுகிறது. அறுவடையின் நிறைவும் இப்பண்டிகையோடு இணைந்துள்ளது. களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், வீடில்லாதிருந்த காலத்தை நினைக்கச் செய்வதாக இச்சடங்கு அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

இக்குடிலைத் தற்காலக் கலைஞர்கள் கையிலெடுத்தமைக்குக் காரணங்கள் பல. அது சிறியது, செலவு குறைந்தது, கடுமையான விதிகளும் வியக்கத்தக்க விலக்குகளும் கொண்டது. விதிக்குள் நின்று விளையாட விரும்பும் கலைஞனுக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமைவது அரிது. எனினும், ஒரு சடங்கின் வடிவத்தை எடுத்தாளும்போது அச்சடங்கின் செயலும் உடன் வருகிறதா என்னும் வினா எழுகிறது. குறிப்பாக, வீடுடையோர் வீடின்மையை ஏழு நாள்கள் நடித்துப் பார்க்கும் சடங்கை, வீடற்றோர் உண்மையிலேயே உறங்கும் ஒரு நகரத்தின் நடுவில் காட்சிப்படுத்தும்போது அவ்வினா அறவியல் வினாவாகவும் ஆகிறது. இக்கட்டுரை அவ்வினாவை மையமாகக் கொண்டது. ஆக்கங்களை அவற்றின் வெளியிடப்பட்ட ஒளிப்படங்கள், வடிவமைப்பு விளக்கங்கள் ஆகியவற்றின் வழியே அணுகுவதால், அவற்றினுள் அமர்ந்த அனுபவத்தைப் பற்றி இக்கட்டுரை எதுவும் உரைக்கவில்லை.

2. கூடாரமா, பந்தலா, குடிலா?

தமிழ் விவிலிய மரபில் இப்பண்டிகை ‘கூடாரப்பண்டிகை’ என்றே பரவலாக அறியப்படுகிறது. தமிழில் கூடாரம் என்றதும் துணியும் கயிறும் முளைக்குச்சியும் மனத்தில் தோன்றும். எபிரேய மொழியில் அத்தகைய கூடாரத்திற்கு ‘ஓஹெல்’ என்னும் தனிச்சொல் உண்டு. ‘சுக்கா’ என்பது மூடுதல், மறைத்தல் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்தது. தழையும் கிளையும் கொண்டு மேலே வேயப்படுவதே அதன் அடையாளம். மேலே துணி விரித்த கூடாரம் சமய விதிப்படி சுக்கா ஆகாது. ஆகவே, மொழிபெயர்ப்பில் இரண்டு வேறு கட்டமைப்புகளுக்கும் ஒரே சொல் பயன்பட்டதனால், இப்பண்டிகையின் மையமாகிய கூரை தமிழ் வாசகரின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது எனலாம்.

கீற்று வேய்ந்த பந்தல் என்னும் தமிழ்ச் சொல் வடிவத்தால் சுக்காவுக்கு மிக அண்மையது. ஒரு நிகழ்வுக்காக எழுப்பப்பட்டு, அது முடிந்ததும் பிரிக்கப்படுவது பந்தல். ஆயினும் பந்தலில் நாம் கூடுகிறோம், குடியிருப்பதில்லை. சுக்காவுக்குரிய வினையோ குடியிருத்தல். இவ்வேறுபாடு கருதியே இக்கட்டுரையில் ‘குடில்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. கூரை, குடியிருத்தல் என்னும் இவ்விரண்டும் பின்வரும் திறனாய்வுக்கு அளவுகோல்களாகின்றன.

3. விதிகள் கூறும் குடில்

சுக்காவின் இலக்கணம் மிஷ்னாவிலும் அதன் விரிவான விவாதமாகிய தால்முதிலும் ‘சுக்கா’ என்னும் பெயரிலேயே அமைந்த பகுதியில் இடம்பெற்றுள்ளது. சுவர்களைப் பொறுத்தவரை அவ்விலக்கணம் மிகவும் தாராளமானது. இரண்டு முழுச் சுவர்களும் மூன்றாவதில் ஒரு பகுதியும் இருந்தால் போதும். அவை எப்பொருளாலும் ஆகலாம். கட்டிவைக்கப்பட்ட யானையையே ஒரு சுவராகக் கொள்ளலாம் என்னும் அளவுக்குத் தால்முத் விவாதம் செல்கிறது.

கூரையைப் பொறுத்தவரை இலக்கணம் கண்டிப்பானது. ‘ஸ்காக்’ எனப்படும் கூரைவேய்வு மண்ணிலிருந்து முளைத்ததாகவும், இப்போது மண்ணிலிருந்து அறுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கலனாகவோ கருவியாகவோ செய்து முடிக்கப்பட்ட பொருளைக் கூரையாக இடலாகாது. உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். குடில் திறந்த வானத்தின்கீழ் நிற்க வேண்டும். மரத்தடியிலோ மற்றொரு கூரையின்கீழோ அமைத்தல் கூடாது. அதன் உயரம் இருபது முழத்தைத் தாண்டலாகாது. அகன்ற பலகைகளை இடுவது வீட்டின் மேற்தளம்போல் ஆகிவிடும் என்பதால் அதற்கும் தடை உண்டு. கூரை, கூரையாகவும் இருக்க வேண்டும். முழுமையாகக் காக்காததாகவும் இருக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் சாரம்.

வடிவத்தையும் பயன்பாட்டையும் பிரித்தறியும் நுட்பமும் இவ்விலக்கணத்தில் உண்டு. ஒட்டகத்தின் முதுகில் எழுப்பப்பட்ட குடிலை மிஷ்னா ஏற்கிறது. ஆனால் பண்டிகை நாளில் அதன்மேல் ஏறுதல் கூடாது என்கிறது. குடில் செல்லும், ஆயினும் அந்நாளில் அதனுள் இருக்க இயலாது. சரியான வடிவம் மட்டுமே குடியிருப்பைத் தந்துவிடாது என்பதை மரபு அறிந்திருந்தது.

இக்கட்டுரைக்கு இன்றியமையாத விதி மிஷ்னாவின் அப்பகுதியில் இரண்டாம் இயலின் இறுதியில் அமைந்துள்ளது. ஏழு நாள்களும் ஒருவர் தம் குடிலை நிலைத்த இடமாகவும் தம் வீட்டைத் தற்காலிக இடமாகவும் கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. உடனே ஒரு நடைமுறை வினாவையும் எழுப்புகிறது: மழை பெய்தால் எப்போது வெளியேறலாம்? உண்ணும் கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை விழுந்தால் வெளியேறலாம் என்பது விடை. குடிலில் இருப்பதால் துன்புறுபவருக்கு அங்கிருக்கும் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று தால்முதும் வலியுறுத்துகிறது.

இவ்விலக்கு கருணை மிக்கது. அதே வேளையில் அது ஒரு முன்அனுமானத்தையும் கொண்டுள்ளது. வெளியேறுபவர் செல்வதற்கு ஒரு வீடு இருக்கிறது என்பதே அது. சுக்காவின் தற்காலிகத்தன்மை, அருகில் நிற்கும் நிலைத்த வீட்டால் தாங்கப்படுகிறது. அவ்வீடு இல்லாதபோது அதே தழைக்கூரை வேறொரு பொருளைப் பெற்றுவிடும்.

4. சுக்கா சிட்டி: பண்டிகைக்கு முந்திய கண்காட்சி

எழுத்தாளர் ஜோஷுவா ஃபோயரும் ரோஜர் பென்னட்டும் முன்னெடுத்த ‘சுக்கா சிட்டி’ வடிவமைப்புப் போட்டிக்கு 43 நாடுகளிலிருந்து 600க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. கட்டடக் கலைத் திறனாய்வாளர் பால் கோல்ட்பெர்கர், நியூயார்க் செப்டம்பர் 11 நினைவிடத்தை வடிவமைத்த மைக்கேல் அராட் முதலியோர் நடுவர்களாக இருந்தனர். தெரிவான பன்னிரண்டு குடில்கள் 2010 செப்டம்பர் 19, 20 ஆகிய இரு நாள்கள் யூனியன் சதுக்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இம்முயற்சியைப் பற்றி ஜேசன் ஹட் இயக்கிய ஆவணப்படம் 2013இல் வெளிவந்தது.

இங்கு நாள்களைக் கவனித்தல் வேண்டும். அவ்வாண்டு சுக்கோத் பண்டிகை செப்டம்பர் 22 மாலையில் தொடங்கியது. பன்னிரண்டு குடில்களும் ஒருசேர நின்ற இரண்டு நாள்கள் பண்டிகைக்கு முந்தியவை. பொதுமக்கள் வாக்குகளால் தெரிவுசெய்யப்பட்ட ஒரு குடில் மட்டுமே பண்டிகைக் காலத்திலும் அச்சதுக்கத்தில் நின்றது. குடியிருத்தலே இச்சடங்கின் வினை என்றால், பெரும்பான்மை ஆக்கங்கள் தமக்குரிய காலம் தொடங்கும் முன்னரே அவ்விடத்தை விட்டு அகன்றன. ஏற்பாட்டில் நேர்ந்த குறை என இதனைக் கருத வேண்டியதில்லை. பொதுச் சதுக்கத்தில் பன்னிரண்டு கட்டமைப்புகளை நெடுநாள் நிறுத்துவது எளிதன்று. ஆயினும் அவை முதன்மையாகப் பார்வைக்குரிய பொருள்களாக எண்ணப்பட்டன என்பதற்கு இது சான்றாகிறது. ஒட்டகத்தின்மேல் அமைந்த குடிலைப் போல, அவை வடிவத்தால் சுக்காவாகவும் பயன்பாட்டால் வேறாகவும் நின்றன.

கைல் மே, ஸ்காட் ஆபிரகாம்ஸ் ஆகியோரின் ‘லாக்’ இப்போக்கின் உச்சம் எனலாம். கண்ணாடிச் சுவர்களின்மேல் கிடத்தப்பட்ட ஒரு பெரும் மரத்துண்டே அதன் கூரை. மண்ணில் முளைத்து மண்ணிலிருந்து அறுக்கப்பட்ட பொருள் என்னும் விதியை அது சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகிறது. அகன்ற பலகை வீட்டுத் தளம்போல் ஆகும் என்னும் பழைய அச்சத்தையும் அது வேண்டுமென்றே சீண்டிப் பார்க்கிறது. கண்ணால் காண்போருக்கு வியப்பை அளிக்கும் அறிவுக்கூர்மை இதில் உண்டு. ஆனால் அதன்கீழ் அமர்பவர் உணரக்கூடியது யாது? தழைக்கூரை மழையையும் விண்மீனையும் ஒருசேர உள்ளே விடுகிறது; அங்கு மனிதரின் எளிமை நினைவூட்டப்படுகிறது. தலைக்குமேல் கிடக்கும் மரத்துண்டோ அச்சத்தையே முன்னிறுத்துகிறது. எளிதில் உடையக்கூடியது கூரை என்பது சுக்காவின் செய்தி. எளிதில் உடையக்கூடியவர் உள்ளிருப்பவர் என்பது ‘லாக்’ தரும் செய்தி. விதியின் எழுத்தை இத்துணை நுட்பமாகப் படித்த ஆக்கம், அவ்விதி காக்க விரும்பிய குடியிருப்பைத் தவறவிட்டுள்ளது.

பொதுமக்களின் தெரிவாக அமைந்த ‘ஃப்ராக்சர்டு பபிள்’ ஹென்றி கிராஸ்மன், பாபக் பிரையன் ஆகியோரின் ஆக்கம். ஒட்டுப்பலகைச் சட்டங்கள், சணற்கயிறு, சதுப்புநில நாணல் ஆகியவற்றால் ஆன கோள வடிவம் அது. கோளம் வெடித்துப் பிளந்ததுபோல் திறந்திருக்கும். நாணல் அந்நகரின் குவீன்ஸ் பகுதியிலிருந்து அறுக்கப்பட்டது. உள்ளூர்த் தாவரங்களை நெருக்கி அழிக்கும் களையாக அந்நாணல் அங்குக் கருதப்படுகிறது. வேண்டாதது என ஒதுக்கப்பட்ட புல், ஒரு வாரத்துக்கு மனிதருக்கு நிழல் தரும் கூரையாகிறது. களத்துமேட்டிலும் திராட்சைத் தொட்டியிலும் எஞ்சிய கழிவைக் கொண்டு குடில் வேய்தல் என்னும் தால்முத் சிந்தனையோடு இது இயல்பாகப் பொருந்துகிறது. வடிவப் புதுமையால் பிற ஆக்கங்களைவிட இது மேம்பட்டதா என்பதில் கருத்துவேறுபாடு இருக்கலாம். அந்நகரத்து மண்ணின் விளைச்சலைக் கொண்டு அந்நகரத்தார்க்கு நிழல் தந்தது என்பதிலும், பண்டிகையின்போது அங்கே நின்றது என்பதிலும் இதன் தகுதி அடங்கியுள்ளது.

5. அட்டைகளின் குடில்

காட்சியின் மிகச் சிக்கலான ஆக்கம், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்தைச் சேர்ந்த ரொனால்டு ரேல், வர்ஜீனியா சான் பிராட்டெல்லோ ஆகியோரின் ‘சுக்கா ஆஃப் தி சைன்ஸ்’. தெருவோரங்களில் வீடற்றோர் உதவி கேட்டுக் கையில் ஏந்தி நிற்கும் அட்டைகளை விலைகொடுத்து வாங்கி, அவற்றைக் கொண்டு குடிலின் புறத்தை அவர்கள் அமைத்தனர். சுவர் எப்பொருளாலும் ஆகலாம் என்னும் தாராள விதி, இங்கே தன் முழு எடையோடு வெளிப்படுகிறது.

அட்டை இங்குக் குறியீட்டுக்காகத் தேர்ந்த பொருள் மட்டும் அன்று. நடைபாதையில் உறங்குவோர்க்கு அட்டையே படுக்கை. அட்டையே காற்றுத் தடுப்பு. அப்பொருள் எழுத்தோடு வந்து சுவராகும்போது, குடிலுள் நுழைபவர் எந்நிலையில் உள்ளார் என்பது அவருக்கு உணர்த்தப்படுகிறது. ஏழு நாள் குடிலுக்குப் பின் அவருக்கு வீடு உண்டு. சுவரை எழுதியவருக்கு அது இல்லை. மழை பெய்தால் எப்போது வெளியேறலாம் என்னும் மிஷ்னாவின் வினாவோடு ‘எங்கே’ என்னும் சொல்லையும் இவ்வாக்கம் சேர்த்துவிடுகிறது.

இவ்வாக்கத்தின்மீது கடுமையான மறுப்பையும் எழுப்ப முடியும். கையில் இருக்கும்போது அட்டை ஒரு வேண்டுகோள். கடந்து செல்பவர் அதற்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ விடையளிக்க வேண்டியுள்ளது. சுவரில் ஏறியபின் அது வாசிக்கப்படும் பனுவல் ஆகிறது. வாசகர் எவ்விடையும் தர வேண்டியதில்லை. எழுத்துப்பிழையையும் கையெழுத்தின் கோணலையும் நகைச்சுவையையும் சுவைத்துவிட்டு நகரலாம். துன்பத்தின் எழுத்து, அதனை எழுதிய உடலிலிருந்து பிரிக்கப்பட்டுக் கலைப்பொருளின் மேற்பரப்பாகிறது. வறுமையைக் காட்சியாக்கும் கலை அனைத்தின்மீதும் வைக்கப்படும் குற்றச்சாட்டு இதற்கும் பொருந்தும்.

இம்மறுப்புக்கு ஆக்கத்தினுள்ளேயே பகுதி விடை ஒன்று உள்ளது. அட்டைகள் இரவலாகவோ கண்டெடுத்தவையாகவோ வரவில்லை, விலைக்கு வாங்கப்பட்டன. அட்டை கேட்டது பணம். கலைஞர்கள் கொடுத்ததும் பணம். ஆகவே அவ்வேண்டுகோள் விடை பெற்ற பின்னரே பனுவலானது. பரிவை விடக் கொடுக்கல் வாங்கலின் நேர்மை இங்கு மேலோங்கியுள்ளது. காட்சிக்குப்பின் குடில்களை ஏலத்தில் விற்று, வீடின்மைக்கு எதிராகப் பணியாற்றும் ‘ஹவுசிங் வொர்க்ஸ்’ அமைப்புக்கு உதவும் ஏற்பாடும் சுக்கா சிட்டி நிகழ்வில் இருந்தது.

எனினும் மரபு இதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. சுக்கோத் பண்டிகையில் ஆபிரகாம் முதலிய முன்னோர் எழுவரைக் கண்ணுக்குப் புலனாகாத விருந்தினராக அழைக்கும் ‘உஷ்பிசின்’ வழக்கம் உண்டு. அவ்விருந்தினருக்குரிய பங்கு ஏழைகளுக்கே சேர வேண்டும் என்று சோஹார் நூல் கூறுகிறது. பண்டிகை நாளில் கதவை அடைத்துக்கொண்டு தம் குடும்பத்தோடு மட்டும் உண்பவரின் மகிழ்ச்சி, சமயக் கடமையின் மகிழ்ச்சி ஆகாது. வயிற்றின் மகிழ்ச்சியே என்று மைமோனிடிஸ் கண்டிக்கிறார். இவற்றின்படி ஏழைக்குரிய இடம் குடிலின் உள்ளே, உணவின் அருகே அமைகிறது. ‘சுக்கா ஆஃப் தி சைன்ஸ்’ ஏழையின் சொல்லை அழைத்துச் சுவராக்கியது. சொல் வந்த இடத்திற்கு அதற்குரியவர் விருந்தினராக வருவதை அதன் வடிவம் கோரவில்லை. சுவர் என்பது உள்ளிருப்போரையும் வெளியிருப்போரையும் பிரிப்பது. அச்சுவராகவே வீடற்றோரின் எழுத்து அமைந்தது இவ்வாக்கத்தின் வலிமை. அதன் எல்லையும் அதுவே.

6. ஒப்பீடு: ஃபிஷாக் குடிலும் வெக்ஸ்லரின் குடிலும்

விரும்பி ஏற்ற தற்காலிகம் எவ்வளவு விரைவில் திணிக்கப்பட்டதாக மாறலாம் என்பதற்குத் தற்காலக் கலைக்கு முந்திய சான்று ஒன்று உண்டு. தென்ஜெர்மனியின் ஃபிஷாக் என்னும் சிற்றூரைச் சேர்ந்த யூதக் குடும்பம் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் மரப்பலகைகளால் குடில் ஒன்றை அமைத்தது. அதன் உட்சுவர்களில் ஜெருசலேமின் காட்சியும் அவ்வூரின் காட்சியும் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. நினைவில் உள்ள நகரையும் வாழும் ஊரையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்தவர்கள், தாம் இரண்டிற்கும் உரியவர் என்று நம்பினர் என்பது புலப்படுகிறது. 1930களில் நாசி ஆட்சியின்போது அக்குடில் ஜெர்மனியிலிருந்து மறைவாக வெளியே கொண்டுசெல்லப்பட்டு ஜெருசலேமை அடைந்தது. இன்று அது இசுரேல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோக இயலாது. குடிலோ பிரித்து எடுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்டது. நிலைத்தது எனக் கருதப்பட்டது கைவிடப்பட, தற்காலிகமானது எஞ்சியது. குடிலை நிலைத்ததாகவும் வீட்டைத் தற்காலிகமாகவும் கொள்ளுமாறு மிஷ்னா கூறியதை வரலாறு இங்குக் கொடிய முறையில் நிறைவேற்றிவிட்டது. சுக்காவைக் கையாளும் எந்தத் தற்காலக் கலைஞரும் இப்பொருளை அருகில் வைத்தே தம் ஆக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுக்கா சிட்டிக்குப் பத்தாண்டுகள் முன்னர் அமெரிக்கக் கலைஞர் ஆலன் வெக்ஸ்லர் உருவாக்கிய ‘கார்டனிங் சுக்கா’ வேறொரு வழியைக் காட்டுகிறது. சக்கரங்கள் பொருத்திய சிறு கட்டமைப்பு அது. தோட்டவேலைக் கருவிகளும் உணவுக்குரிய பொருள்களும் அதனுள் அடங்கியுள்ளன. ஆண்டின் பிற நாள்களில் தோட்டத்திற்குப் பயன்படும் அது, பண்டிகையின்போது குடிலாகிறது. வியப்பூட்டும் வடிவத்தை அது நாடவில்லை. மண்ணைக் கொத்துதல், விளைத்தல், அமர்ந்து உண்ணுதல் என்னும் செயல்களே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ‘லாக்’ தவறவிட்ட வினைச்சொல் இங்கு மீட்கப்படுகிறது. ஆனால் இக்குடிலுக்கு அருகில் ஒரு தோட்டமும், தோட்டத்திற்கு அருகில் ஒரு வீடும் உண்டு என்பதையும் மறத்தலாகாது. குடியிருத்தலை நன்கறிந்த இவ்வாக்கம், குடியிருக்க இடமற்றவரைப் பற்றி ஏதும் கூறவில்லை.

7. முடிவுரை

சுக்கா தற்காலக் கலைக்கு ஒரு வடிவத்தை மட்டும் தரவில்லை; தன்னை எடுத்தாள்வோரை மதிப்பிடும் அளவுகோலையும் தன் விதிகளுக்குள் வைத்துள்ளது. மேற்கண்ட ஆய்வின்வழி பின்வருவன பெறப்படுகின்றன.

சுக்கா சிட்டி ஆக்கங்கள் பொதுவாகக் கூரையின் விதியைக் கூர்மையாகப் படித்தன. குடியிருத்தலின் விதியை அந்த அளவுக்குப் படிக்கவில்லை. பன்னிரண்டும் ஒருசேர நின்ற நாள்கள் பண்டிகைக்கு முந்தியவை என்பதே இதற்குத் தெளிவான சான்று. ‘லாக்’ அப்படிப்பின் கூர்மையையும் குறையையும் ஒருங்கே காட்டுகிறது. ‘ஃப்ராக்சர்டு பபிள்’ உள்ளூர்ப் புல்லாலும் பண்டிகைக்கால இருப்பாலும் அக்குறையிலிருந்து ஓரளவு மீள்கிறது.

மழையில் வெளியேறலாம் என்னும் விலக்கு, வீடுடையோரின் தற்காலிகத்தை வீடற்றோரின் தற்காலிகத்திலிருந்து பிரிக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டும் ஆக்கம், எத்துணை அழகுடையதாயினும், ஒருசாராரின் துன்பத்தை மறுசாராரின் அனுபவமாக மாற்றிவிடும் இடர் உடையது. ‘சுக்கா ஆஃப் தி சைன்ஸ்’ இவ்வேறுபாட்டை மறைக்காமல் சுவரிலேயே எழுதிவைத்தது. அவ்வகையில், இங்கு ஆராயப்பட்ட சுக்கா சிட்டி ஆக்கங்களுள் அதுவே மிகுந்த பொறுப்புணர்வு கொண்டது என்று இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அட்டையை எழுதியவரை விருந்தினராக உள்ளே அமர்த்தும் படிநிலையை அது எட்டவில்லை என்பதும் அம்மதிப்பீட்டின் பகுதியே.

2011இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலும், கனடாவின் டொராண்டோவில் எளிய விலை வீட்டுவசதிக்காகப் பணியாற்றும் கெஹில்லா அமைப்பின் முயற்சியிலும் இத்தகைய போட்டிகள் தொடர்ந்தன. அவற்றைப் பற்றிய ஆய்வுகள், குடில்கள் எவ்வாறு தோற்றமளித்தன என்பதோடு நில்லாமல், அவற்றினுள் யார் அமர்ந்தனர், யார் உண்டனர், காட்சி முடிந்த இரவில் அவர்கள் எங்கே உறங்கச் சென்றனர் என்பனவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். சுக்காவைப் பொறுத்தவரை இவை கலைக்குப் புறம்பான சமூகவியல் வினாக்கள் ஆகா. அக்குடிலின் மூல இலக்கணமே இவ்வினாக்களைக் கொண்டுதான் எழுதப்பட்டுள்ளது.